தேரை நிறுத்திய பலகை

போன மாசித் திருவிழாவில் எங்கள் டவுன் மாரியம்மன் தேரை நடுத்தெருவில் நிறுத்தியவன் நான்தான். பக்தியால் அல்ல. போராட்டத்தாலும் அல்ல. நாலடி நீளப் பலகை ஒன்றால்.

அதைக் கையில் பிடித்துக்கொண்டு மறித்திருந்தாலாவது அதில் ஒரு வீரம் இருந்திருக்கும். அதுவோ தெரு வளைவுக்குக் கீழே, இரும்புச் சட்டத்தில், நான் கேட்டுக்கொண்ட இடத்தில், நான் கேட்டுக்கொண்ட உறுதியுடன் தன் பாட்டில் நின்றது. தேரின் உச்சிக் கலசம் அதற்கு ஒரு சாண் முன்னால் வந்து நின்றுவிட்டது. வடம் பிடித்தவர்கள் நின்றார்கள். தவில் நின்றது. பின்னால் டிராக்டரில் வந்த ஜெனரேட்டர் மட்டும் நிலைமை புரியாமல் உறுமிக்கொண்டிருந்தது.

எல்லாரும் அண்ணாந்து பலகையைப் பார்த்தார்கள். பிறகு மெதுவாகத் தலையை இறக்கி என்னைப் பார்த்தார்கள்.

இந்தப் பத்திரிகைத் தொடரில் இதுவரை நான் ஒப்புக்கொண்ட அசட்டுத்தனங்களெல்லாம் வீட்டோடு போனவை. இது ஊரே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தது.

கொட்டகைத் தெரு

மலையகத்தில் டயகமவுக்குப் போகும் பஸ் எங்கள் டவுனுக்குள் நுழைந்து, சந்தையைத் தாண்டி, மூச்சு வாங்கி நிற்கும் இடத்தில் இடப்பக்கமாக ஏறுகிறது அந்தத் தெரு. அதில் சினிமாக் கொட்டகை இருந்தது. அதனால் கொட்டகைத் தெரு. பெயர் வைக்க யாரும் கூட்டம் போடவில்லை.

கொட்டகைக்கு எதிரே பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை. அதற்குப் பக்கத்தில் கெரம் போர்ட் கிளப். மேலே போனால் போட்டோ ஸ்டூடியோ. கடைசியில் ஒரு வெறும் தரை. வருஷத்துக்கு ஒரு முறை கார்னிவல் வந்து, மரக் கிணற்றுக்குள் ஒருவர் மோட்டார் சைக்கிள் ஓட்டிக் காட்டிவிட்டுப் போவார்.

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு மலையிலிருந்த தோட்டத் தொழிலாளர் லயங்களெல்லாம் இந்தத் தெருவுக்கு இறங்கிவிடும். கொட்டகையின் குழாய் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டால் தோட்டத்தின் மேல் கணக்குப் பிரிவுவரை கேட்கும். பாட்டு நின்றால் படம் தொடங்கப்போகிறது என்று அர்த்தம். அதன் பிறகு குறுக்கு வழியில் தேயிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு கூட்டமே ஓடி இறங்கும். நானும் ஓடியிருக்கிறேன். முட்டியில் இன்னும் தழும்பு இருக்கிறது.

கொட்டகைக்குள் பனிமூட்டமும் டிக்கெட் எடுக்காமல் வரும். காற்று வாங்கும் ஓட்டைகள் வழியாக நுழைந்து, இடைவேளைக்குப் பிறகு திரைக்கும் எங்களுக்கும் நடுவில் உட்கார்ந்துகொள்ளும். கதாநாயகன் மறைந்துபோவார். அடி விழும் சத்தத்தை வைத்து யார் ஜெயிக்கிறார் என்று ஊகித்துக்கொள்வோம். சில படங்களில் யார் ஜெயித்தார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வாழ்க்கையில் அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஸ்டூடியோவின் பின்திரையில் கடற்கரை வரைந்திருக்கும். இரண்டு தென்னை மரம், ஒரு படகு. கடலைக் கண்ணால் கண்டிராத எங்கள் சனம், கல்யாணமான ஏழாம் நாள், கம்பளிச் சட்டையை மேல்பித்தான் வரை போட்டுக்கொண்டு அந்தக் கடற்கரையில் நின்று படம் பிடித்துக்கொள்ளும். எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. கடலுக்குப் பக்கத்தில் பிறந்த யாழ்ப்பாணத்துக்காரியான என் மனைவி, அதைப் பார்க்கும்போதெல்லாம் "இந்தக் கடலுக்கு ஏனப்பா ஸ்வெட்டர்?" என்று கேட்பாள்.

விற்பனைக்கு வந்த பனி

கொட்டகையை மூடிப் பல வருஷம் ஆயிற்று. கூரைத் தகரம் பறந்தது. உள்ளே ஆடு கட்டினார்கள். ஆனாலும் தெரு சாகவில்லை. செவனம்மா அக்காவின் வடைக் கடை கொட்டகையின் வாசல் கதவோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. மாலையில் அதைச் சுற்றி ஒரு கூட்டம் நிற்கும். அக்கா கொழுந்து பறித்த காலத்தில் ஞாயிறுகளில் மட்டும் வடை சுட்டவர். முதுகு ஒத்துழைக்க மறுத்த பிறகு முழுநேரமும் சுட்டார்.

பிறகு அபிவிருத்தி வந்தது.

அபிவிருத்தி வந்தால் முதலில் பெயரைத்தான் மாற்றும். வீட்டுக்கு வந்த மருமகளுக்கு மாமியார் பெயர் மாற்றிய காலம் போய்விட்டது. தெருக்களுக்கு இன்னும் போகவில்லை. கொழும்பிலிருந்து வந்த திட்டத்தின்படி எங்கள் கொட்டகைத் தெரு 'மிஸ்ட் வேலி லெஷர் வோக்' ஆனது. எங்களுக்குப் பனிமூட்டம் என்றால் துவைத்த துணி மூன்று நாளைக்குக் காயாது என்று அர்த்தம். அதையும் விலைக்கு விற்கலாம் என்று கண்டுபிடித்தவர்களை நான் உண்மையிலேயே மதிக்கிறேன்.

கொட்டகை இருந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம். கெரம் கிளப் இருந்த இடத்தில் கோப்பிக் கடை. ஒரு கோப்பியின் விலையைக் கேட்டால் சர்க்கரை போடாமலே மயக்கம் வரும். தெரு முழுக்க வழுவழுப்பான ஓடு பதித்தார்கள். வருஷத்தில் பாதி நாள் மழை பெய்யும் ஊரில் வழுவழுப்பான ஓடு. நான் முதல் வாரமே இருமுறை விழுந்தேன். இரண்டாம் முறை எழுப்பிவிட்டவர் முதல் முறை எழுப்பிவிட்டவரேதான். "சார் இந்தப் பக்கம் அடிக்கடி வருவீங்களோ?" என்றார்.

ஸ்டூடியோ இருந்த இடத்தில் கொழுந்துக் கூடையோடு ஒரு பெண்ணின் உருவத்தைப் பலகையில் வரைந்து, முகம் இருக்கவேண்டிய இடத்தில் வட்டமாக வெட்டி வைத்தார்கள். சுற்றுலா வருபவர்கள் பின்னால் போய், ஓட்டையில் தங்கள் முகத்தை நீட்டிப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். செவனம்மா அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் முப்பது வருசமா கொழுந்து பறிச்சப்போ ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்கல சார். இப்போ மூஞ்சிக்கே ஓட்டை போட்டு வச்சிருக்காங்க" என்றார்.

அக்காவுக்கு மாற்று இடம் கொடுத்தார்கள். கட்டடத்தின் பின்பக்கம், சாப்பாட்டுக் கடைகள் பகுதியில், கழிவறைக்குப் போகும் வழியில். வழி கேட்பவர்கள் வருகிறார்கள். வடை கேட்பவர்கள் குறைவு.

ஆடாத பெயர்

என் பங்கு இங்கேதான் தொடங்குகிறது.

ஐம்பதைக் கடந்த, நாலு புத்தகம் படித்த, வாரப் பத்திரிகையில் எழுதுகிற ஒரு தமிழ் ஆசிரியருக்கு ஊரில் ஒரு தெருவின் பெயர் மாறினால் சும்மா இருக்க முடியுமா? முடியும். என் மனைவி அப்படித்தான் சொன்னாள். நான் கேட்கவில்லை.

திட்ட அலுவலகத்தில் மனுக் கொடுத்தேன். கூட்டத்தில் பேசினேன். வரலாறு, நினைவு, அடையாளம் என்று மூன்று சொற்களைச் சுழற்றிச் சுழற்றிப் பேசினேன். கூட்டத்தில் பாதிப் பேர் தூங்கினார்கள். மீதிப் பேர் என்னைச் சீக்கிரம் உட்காரவைக்க வழி தேடினார்கள். கடைசியில் ஓர் உடன்பாடு. தெரு முகப்பில் வளைவு வரும். அதன் மேல் விட்டத்தில் புதிய பெயர் பெரிதாக. கீழே ஒரு சின்னப் பலகையில் 'பழைய கொட்டகைத் தெரு' என்று மூன்று மொழியிலும்.

அவர்கள் அதைச் சங்கிலியில் தொங்கவிடுவதாகத்தான் சொன்னார்கள். நான்தான் சம்மதிக்கவில்லை. காற்று அடித்தால் ஆடும். எங்கள் தெருவின் பெயர் ஆட்டம் காணக்கூடாது. இரும்புச் சட்டம் அடித்து, நான்கு போல்ட் முறுக்கி, அசையாமல் நிறுத்தவேண்டும் என்றேன். மேலே ஒட்டினாற்போல் வைத்தால் பெரிய எழுத்தின் நிழலில் மறைந்துவிடும். நன்றாகக் கீழே இறக்கி வையுங்கள் என்றும் சொன்னேன்.

பொறியியலாளர் இளைஞர், பண்பானவர். "சார், இந்தத் தெருவுக்குள்ள வர்றதிலயே உசரமான வண்டி எது?" என்று கேட்டார்.

நான் யோசித்தேன். யோசிக்காமல் சொல்லிவிட்டேன் என்று யாரும் சொல்லக்கூடாது. மரக்கறி மூட்டை ஏற்றிய லொறியைச் சொன்னேன். அவர் அதற்கு மேல் இரண்டடி விட்டு அளந்துகொண்டார்.

தேர் என் நினைவுக்கு வரவில்லை. ஊரில் யாருடைய நினைவுக்கும் வரவில்லை. இதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் தேருக்கு உயரம் என்று ஒன்று கிடையாது. தேருக்கு முன்னால் பெருமாள் அண்ணன் கவட்டைக் கம்போடு நடப்பார். கரண்டுக் கம்பி, டெலிபோன் கம்பி, கேபிள் கம்பி, யாரோ வீட்டுக் கொடியில் காயும் வேட்டி, எது குறுக்கே வந்தாலும் கம்பின் கவட்டையில் மாட்டித் தூக்கிப் பிடிப்பார். தேர் கீழே போகும். தலைமுறை தலைமுறையாக இதுதான் நடைமுறை. ஆகவே தலைக்கு மேலே இருப்பதெல்லாம் கம்பால் தூக்கக்கூடியது என்பது எங்கள் ஊரின் நம்பிக்கை. இருபது மைலுக்கு அப்பாலிருந்து வந்தவன்கூட வளைவைப் பார்த்ததும் தேர் போகுமா என்று கேட்டிருப்பான். நாங்கள் கேட்கமாட்டோம்.

அந்த வாசல்

செவனம்மா அக்காவின் மகள் கோமதி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போனவள். நடுவில் பத்து மாதம் அவளிடமிருந்து போன் வரவில்லை. அக்கா அந்த மாதங்களில் வடை சுட்டார்; ஆனால் உப்புப் போட்டாரா என்று அவருக்கே தெரியாது. நாங்களும் கேட்காமல் தின்றோம்.

அப்போது, கொட்டகை இடிபடுமுன், நேர்ந்துகொண்டார். மகள் நல்லபடியாக வந்து சேர்ந்தால், தேர் கொட்டகை வாசலுக்கு வரும்போது அவளைப் பக்கத்தில் நிறுத்தி அர்ச்சனை செய்வதாக.

கோமதி வந்தாள். அவள் வேலைக்குப் போன வீட்டில் போனைப் பிடுங்கி வைத்திருந்தார்களாம். வேறு வீடு மாறி, லீவு வாங்கி, திருவிழாவுக்குச் சரியாக வந்து சேர்ந்துவிட்டாள். திருவிழாவுக்கு மறுநாள் இரவு பிளேன். அடுத்த லீவு எப்போது என்று அவளுக்கே தெரியாது.

ஆகவே அன்று மாலை கண்ணாடிக் கட்டடத்தின் முன்னால், பழைய கொட்டகை வாசல் இருந்த இடத்தைக் குத்துமதிப்பாகக் கணக்குப் பண்ணி, தாயும் மகளும் தாம்பாளத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். வளைவிலிருந்து அவர்கள் நின்ற இடம் தெரியும். தேர் நின்றுவிட்டது அவர்களுக்கும் தெரிந்தது.

பெருமாள் அண்ணன் தன் கடமையைச் செய்தார். கவட்டையைப் பலகைக்குக் கீழே கொடுத்து ஒரு தூக்குத் தூக்கினார். பலகை அசையவில்லை. இன்னொரு தூக்கு. கம்பு வளைந்தது.

"இத எவன்டா இப்படி இறுக்குனான்?" என்றார்.

நான் டிராக்டரின் மறுபக்கம் போய் நின்றேன்.

கோயில் தலைவர் முத்தையா முதலாளி ஹார்ட்வெயார் கடை வைத்திருப்பவர். அந்த நான்கு போல்ட்டும் அவர் கடையில் வாங்கியவை. அதை அவர் அப்போது சொல்லவில்லை. குருக்களைப் பார்த்து, "கலசத்தக் கழட்டி மாட்டலாமாங்க?" என்று கேட்டார். அம்மன் வீற்றிருக்கும்போது கலசத்தில் கை வைக்க முடியாது என்று குருக்கள் சொல்லிவிட்டார். தேரைப் பின்னுக்கு இழுக்கவும் கூடாது. மிஞ்சிய வழி ஒன்றுதான்: தெருவுக்குள் நுழையாமல் மெயின் ரோட்டிலேயே திருப்பிக்கொண்டு போவது.

முதலாளி ஆள் அனுப்பி அக்காவைக் கூப்பிட்டார். அக்கா தாம்பாளத்தை மகளிடம் கொடுத்துவிட்டு இறங்கி வந்தார்.

"செவனம்மா, தட்ட இங்க கொண்டு வா. இங்கயே அர்ச்சனை பண்ணிக்கலாம். எல்லாம் ஒரே சாமிதானே."

"சாமி ஒண்ணுதாங்க மொதலாளி. நான் நேந்துக்கிட்டது அந்த வாசல்ல."

"வாசலு எங்க இருக்கு? இடிச்சாச்சே."

"எடம் இருக்குங்களே. நான் பத்து மாசம் அங்கன உக்காந்துதான் அவளுக்காக அழுதேன். ரோட்டுல உக்காந்து அழல."

முதலாளி குருக்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு மட்டும் அது பட்டும் படாமலும் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போகவில்லை.

பெரிய போர்ட், சின்ன போர்ட்

பலகையைக் கழற்றினால் தேர் போகும். மேலே புதிய பெயர் இருக்கும் விட்டம் கலசத்துக்கு ஒரு முழம் மேலே இருந்தது. புதியவர்கள் யாரும் அம்மனை மறிக்கவில்லை. மறித்தது பழைய கொட்டகைத் தெரு மட்டும்.

இதைப் புரிந்துகொண்ட பிறகும் நான் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் நின்றேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். எட்டு மாதக் கூட்டங்கள். எத்தனை தேநீர். வேறு வழி இருக்குமா என்று திட்ட அலுவலகத்துக்குப் போன் செய்தேன். விடுமுறை. பொறியியலாளருக்குச் செய்தேன். அவர் நோட்டன் பிரிட்ஜ் பக்கம் ஒரு கல்யாண வீட்டில் இருந்தார். பின்னால் பைலாப் பாட்டும் ஆட்டமும் கேட்டது. "சார், லொறின்னுதானே சொன்னீங்க" என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வளைவுக்குப் பொறுப்பாகக் காவலுக்கு நின்றவர் பண்டார. எங்களோடு சேர்ந்து அவரும் வடத்தை ஒரு கை பிடித்து வந்தவர்தான். வளைவைக் கண்டதும் விட்டுவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டார். முதலாளி அவரிடம் சிங்களத்தில் மன்றாடினார். பண்டார என் பக்கம் திரும்பி, ஐயா என்பதற்கு மட்டும் சிங்களத்தை வைத்துக்கொண்டு, தமிழில் பேசினார்.

"மாத்தயா, பெரிய போர்ட் பாத்துக்கோ சொல்லித்தான் எனக்குச் சொன்னது. சின்ன போர்ட் பத்தி ஒண்ணும் சொல்ல இல்ல. அது யாருட?"

எல்லாரும் மறுபடி என்னைப் பார்த்தார்கள்.

"என்னுடையதுதான்" என்றேன்.

"அப்ப மாத்தயா சொன்னா கழட்டலாம்."

எட்டு மாதம் அலைந்தபோது எந்த அலுவலகமும் எனக்குக் கொடுக்காத அதிகாரம், பண்டாரவின் ஒரு வாக்கியத்தில் கிடைத்தது. அந்தப் பலகைக்கு முழு உரிமையாளன் நான். அதைக் கழற்றுவதற்கு மட்டும்.

மேலே தெருவைப் பார்த்தேன். கோமதிக்குத் தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்துக் கை வலித்திருக்கவேண்டும். இடுப்பில் முட்டுக்கொடுத்து நின்றாள். கற்பூரம் தூறலில் நனையாமல் இருக்க முந்தானையால் மூடியிருந்தாள்.

"கழட்டுங்க" என்றேன்.

டிராக்டர்க்காரர் ஸ்பேனரோடு ஏறினார். மூன்று போல்ட் சுலபமாக வந்தது. நாலாவது, என் மனத்தைப் போலவே, துருப்பிடித்து அடம்பிடித்தது. பெருமாள் அண்ணன் கீழே நின்று ஏசிக்கொண்டேயிருந்தார். ஒருவழியாகப் பலகை சட்டத்தோடு இறங்கியது. என் கையில் கொடுப்பார்கள் என்று கையை நீட்டினேன். அதற்குள் வடம் இழுபட்டுவிட்டது. தவில் தொடங்கிவிட்டது. பலகையை எவரோ தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு கூட்டத்தில் முன்னால் போய்விட்டார்.

தெரு ஏற்றம் என்று சொன்னேன். தேர் நின்றால் பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போடவேண்டும். பழைய தார் ரோட்டில் கட்டை பிடித்து நிற்கும். இந்த வழுவழுப்பான ஓட்டில், தூறலில், கொட்டகை வாசலில் தேரை நிறுத்திக் கட்டையைப் போட்டார்கள், கட்டை வழுக்கியது. தேர் ஒரு முழம் பின்னால் வந்தது. கூட்டம் ஒருசேர மூச்சை இழுத்தது.

"அந்தப் பலகையப் போடுடா" என்று கத்தினார் பெருமாள் அண்ணன்.

போட்டார்கள். இரும்புச் சட்டத்தின் நான்கு கால்களும் ஓட்டு இடுக்குகளில் மாட்டிக்கொண்டன. அதன் மேல் முட்டுக்கட்டை. அதன் மேல் சக்கரம். பலகை நடுவில் விரிசல் விட்டது, சட்டம் அசையவில்லை. ஆடக்கூடாது என்று நான் கேட்டுச் செய்த சட்டம்.

குருக்கள் கோமதியின் பெயர், நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்தார். செவனம்மா அக்கா மகளின் முழங்கையைப் பிடித்தபடி நின்றார். தேங்காய் உடைந்து நன்றாக இரண்டாகப் பிளந்தது. அக்கா அழவில்லை. மகளின் நெற்றியில் திருநீற்றைப் பூசி, கண்ணில் விழாமல் ஊதிவிட்டார். அந்த வயதுப் பெண்ணுக்கு யாராவது ஊதிவிடுவார்களா? ஊதிவிட்டார்.

தேர் நகர்ந்த பிறகு பலகையைத் தேடினேன். சக்கரம் ஏறிய இடத்தில் எழுத்துகள் நசுங்கியிருந்தன. சிங்களம் தப்பியிருந்தது. தமிழும் ஆங்கிலமும் போய்விட்டன.

மறுநாள் காலை கோப்பிக் கடையைக் கடந்து, ஓட்டில் விழாமல், பின்பக்கம் அக்காவின் கடைக்குப் போனேன். கோமதி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். தாய் சுட்ட முறுக்கைத் துணிகளுக்கு நடுவே செருகிக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டு வடையும் தேங்காய்ச் சம்பலும் வந்தது. யாரும் நன்றி சொல்லவில்லை. நான் எதிர்பார்த்திருந்தேன் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன்.

"பலகைய மறுபடி செய்யச் சொல்லிக் கேக்கப்போறேன் அக்கா" என்றேன். "இந்த முறை சங்கிலியில."

"எந்தப் பலகைங்க சார்?"

"நேத்துக் கழட்டினமே. தெருப் பேர் போட்டது."

அக்கா எண்ணெயிலிருந்து வடையை அள்ளி, வடியவிட்டு, சற்று யோசித்தார்.

"அது தெருப் பேரா? இவ்வளவு நாளும் எச்சி துப்பக் கூடாதுன்னு போட்டிருக்குன்னுல்ல நெனச்சேன்."